புதைத்த கட்டடம், தோண்டிய குப்பை

அழகான ஓர் இடம். அங்கே ஒரு கலை மியூசியம் கட்ட வேண்டும். இடமோ தொட்டாற்சிணுங்கி மாதிரி. ஒரு மரத்தை வெட்டினாலும் தெரியும், ஒரு சுவரை எழுப்பினாலும் உறுத்தும். என்ன செய்வது? கட்டடக்கலை உலகம் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்களில் மிகப் புகழ்பெற்ற ஒன்று இருக்கிறது: கட்டடத்தை மண்ணுக்குள் புதைத்துவிடு.

ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலில், நவோஷிமா என்ற சின்னத் தீவில், 2004இல் திறக்கப்பட்ட சிச்சு கலை மியூசியம் அந்தப் பதிலின் உச்சம். ‘சிச்சு’ என்றாலே ‘மண்ணுக்குள்’ என்றுதான் அர்த்தம். வடிவமைத்தவர் ததாவோ ஆண்டோ. இளம் வயதில் குத்துச்சண்டை வீரர். கட்டடக்கலையைக் கல்லூரியில் படிக்காமல் தானே கற்றுக்கொண்டவர். 1995இல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியவர். சிச்சுவை வானிலிருந்து எடுத்த படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒரு பச்சைக் குன்று. அதில் யாரோ கத்தியால் நறுக்கியதுபோல் சதுரம், செவ்வகம், முக்கோணம் எனச் சில திறப்புகள். அவ்வளவுதான். தரையில் நின்று பார்த்தால் அதுவும் தெரியாது. ‘மியூசியம் எங்கேப்பா?’ என்று கேட்கத் தோன்றும்.

எனக்கு இந்தக் கட்டடம் மிகவும் பிடிக்கும். ஆனால் இதைப் பற்றி எல்லோரும் ஒப்பிக்கும் புகழுரை இருக்கிறதே, ‘இயற்கைக்குத் தலைவணங்கிய கட்டடம்’ என்று, அதை என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. புதைந்து நிற்பது பணிவு என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். எதன் மேல் புதைந்து நிற்கிறது, எதையெல்லாம் சேர்த்துப் புதைத்துவிட்டது என்று கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. பதில் தேட சிச்சுவிலிருந்து கிளம்பிப் பக்கத்துத் தீவுகளுக்கும் போக வேண்டியிருக்கும்.

*

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

மூன்றே மூன்று கலைஞர்கள். க்ளோத் மோனேவின் நீரல்லி ஓவியங்கள் ஐந்து. ஜேம்ஸ் டரலின் ஒளி வேலைப்பாடுகள் மூன்று. வால்டர் டி மரியாவின் ஓர் அறை. படிக்கட்டுகளின் நடுவே 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டை, சுவரோரமாகப் பொன்முலாம் பூசிய 27 மர வடிவங்கள். மண்ணுக்குள் இருந்தாலும் மோனே அறையிலும் டி மரியா அறையிலும் விழுவது மேலிருந்து வரும் பகல் வெளிச்சம்தான். மேகம் வந்தால் ஓவியம் மங்கும், விலகினால் மலரும். மோனே அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரை முழுக்க இரண்டு சென்டிமீட்டர் அளவிலான வெள்ளைச் சலவைக்கல் துண்டுகள், லட்சக்கணக்கில். சுவர்கள் சந்திக்கும் மூலைகளை வளைத்துவிட்டிருக்கிறார்கள். நிழல் விழ இடமே இல்லை.

அங்கே நின்றபோது நான் நினைத்தது: கட்டடம் எப்படி இவ்வளவு அடக்கமாக இருக்கிறது, இவ்வளவு அதிகாரமாகவும் இருக்கிறது? எங்கே நடக்கணும், எங்கே நிற்கணும், எப்போது வெளிச்சத்தைப் பார்க்கணும், எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்கிறது. கான்கிரீட் நடைவழியில் சாய்ந்த சுவர்களுக்கு நடுவே நம்மை அலைய விட்டு, திடீரென ஒரு முக்கோண முற்றத்தைத் திறந்து வானத்தைக் காட்டுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இல்லவே இல்லாத கட்டடம், உள்ளே போனதும் வேறெதுவுமே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. கடல் சுற்றிலும் இருக்கிறது. ஆனால் கஃபேக்கு வந்து சேரும் வரை அது ஒளித்துவைக்கப்பட்ட பொருள்.

கலை அனுபவமாக இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. டரலின் ‘திறந்த வானம்’ அறையில் உட்கார்ந்து, கூரையில் வெட்டிய சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், வானம் என்பது தூரமா தகடா என்று குழம்பிவிடும். அந்தக் குழப்பத்துக்காக இன்னொரு முறை கப்பல் ஏறலாம். என் பிரச்சினை கலையில் இல்லை. ‘நிலக்காட்சியைக் காப்பாற்றிய கட்டடம்’ என்ற வாதத்தில் இருக்கிறது.

*

நான் எஞ்சினியரிங் படித்தவன். ஒரு கட்டடம் ‘மறைந்திருக்கிறது’ என்று சொன்னால், மறைக்க எவ்வளவு வேலை நடந்தது என்றுதான் முதலில் கேட்பேன். குன்றுக்குள் கான்கிரீட் அறைகள் தாமாக முளைக்காது. மெட்ரோ நிலையத்துக்குத் தோண்டுவதுபோல் குன்றை மேலிருந்து திறக்க வேண்டும். பெரிய குழி. அதற்குள் கட்டடம். பிறகு மண்ணைப் போட்டு மூடி, செடி நட்டு, காத்திருக்க வேண்டும். மேலே ஒரு சின்னக் கட்டடத்தை எழுப்பியிருந்தால் நிலத்துக்கு ஏற்பட்டிருக்கும் காயத்தைவிட இது பெரிய காயம். ஆனால் ஆறிவிட்ட காயம். இன்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆக, இங்கே காப்பாற்றப்பட்டது நிலம் என்பதைவிட, நிலத்தின் தோற்றம் என்பதே சரி. இரண்டும் ஒன்றல்ல. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சிக்கலையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு வெளியே ஒரே ஒரு பட்டனை வைப்போம். பயனருக்கு அது எளிமை. உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும் அந்த எளிமையின் விலை.

தோற்றத்தைக் காப்பாற்றுவது தப்பா? தப்பில்லை. செட்டோ உள்நாட்டுக் கடல், 1934இல் ஜப்பான் தேசியப் பூங்காக்களை அறிவிக்கத் தொடங்கியபோதே முதல் பட்டியலில் இடம்பெற்ற பகுதி. அமைதியான கடல், அதில் மிதப்பதுபோல் நூற்றுக்கணக்கான தீவுகள். அந்தக் காட்சியின் நடுவே ஒரு பளபளப்பான கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுபோய் வைக்காததற்கு ஆண்டோவுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் ‘காட்சி’ என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. காட்சி என்று சொன்ன உடனே நிலம் படமாகிவிடுகிறது. படத்தில் யாரும் உழுவதில்லை, மீன் பிடிப்பதில்லை, சாவதில்லை.

நம்முடைய திணைக் கோட்பாட்டில் இந்தப் பொறி கிடையாது. தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது மரம், பறவை, விலங்கு, உணவு எல்லாவற்றோடும் தொழிலையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அங்குள்ள மனிதர் செய்யும் வேலையைக் கழித்துவிட்டால் நிலமே முழுமையாகாது என்பது அதன் கணக்கு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நவோஷிமாவைப் பார்த்தால் என்ன தெரிகிறது?

*

ஊனோ துறைமுகத்திலிருந்து நவோஷிமாவுக்குக் கப்பலில் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கலையை அல்ல. தீவின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் உருக்காலையை. 1917இல் மிட்சுபிஷி அங்கே செம்பு உருக்க ஆரம்பித்தது. தீவுக்கு வேலை கிடைத்தது, வருமானம் கிடைத்தது. கூடவே கந்தகப் புகையும் வந்தது. நவோஷிமாவின் வடபகுதியிலும் பக்கத்துச் சிறுதீவுகளிலும் மரங்கள் பட்டுப்போய்க் குன்றுகள் மொட்டையாயின. அந்த உருக்காலை இன்றும் இயங்குகிறது. தெற்கில் பெனெஸ்ஸே நிறுவனத்தின் கலை உலகம், வடக்கில் செம்பு. தெற்கே போகிற சுற்றுலாப் பயணி வடக்கே திரும்புவதில்லை.

நவோஷிமாவுக்குப் பக்கத்தில் தெஷிமா. பெயரிலேயே வளம் இருக்கிறது. எழுத்துப்படி ‘செழிப்பான தீவு’. மலையிலிருந்து ஊற்று நீர் வற்றாமல் வரும். மற்ற தீவுகள் தண்ணீருக்குத் தவிக்க, இங்கே நெல் விளைந்தது. 1978இல் ஒரு நிறுவனம், மண்புழு வளர்த்துக் கழிவைச் சிதைக்கப் போவதாகச் சொல்லி மாகாண அரசிடம் அனுமதி வாங்கியது. தீவு மக்கள் அப்போதே எதிர்த்தார்கள். பிறகு வந்து இறங்கியது மண்புழுவுக்கான தீனி இல்லை. நொறுக்கிய கார்களின் எச்சங்கள், கழிவு எண்ணெய், சேறு. கொட்டினார்கள், திறந்த வெளியில் எரித்தார்கள், புதைத்தார்கள். 1990இல் ஹியோகோ மாகாணப் போலீஸ் வந்து சோதனை போடும் வரை இது நடந்தது. செழிப்பான தீவுக்குக் ‘குப்பைத் தீவு’ என்று பெயர் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நிறுவனத்தை மூடினாலும் குப்பை அங்கேயேதான் கிடந்தது. தெஷிமா மக்கள், பெரும்பாலும் வயதானவர்கள், 1993இல் மத்தியஸ்தம் கேட்டு மனுப் போட்டார்கள். டகமட்சுவில் மாகாண அரசு அலுவலகத்தின் வாசலில் மாதக்கணக்கில் போய் நின்றார்கள். 2000 ஜூனில் உடன்பாடு வந்தது. ஆளுநர் தீவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். மக்கள் நஷ்டஈட்டைக் கைவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எடுத்துக்கொண்டு போங்கள்.

எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கே? நவோஷிமாவுக்கு. அதே உருக்காலை வளாகத்தில் கட்டிய உலைக்கு. 2003 முதல் 2017 வரை, சுமார் 9 லட்சம் டன் கழிவும் மாசுபட்ட மண்ணும் கப்பலேறி வந்து உருக்கப்பட்டன. தேதியைக் கவனியுங்கள். சிச்சு திறந்தது 2004. தீவின் தென் பக்கத்தில் மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மோனேவின் அல்லிக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், வட பக்கத்தில் பக்கத்துத் தீவின் நஞ்சு உருகிக்கொண்டிருந்தது. ஒரே தீவு. ஒரு பக்கம் அழகானதைப் புதைத்தார்கள். மறுபக்கம், புதைத்ததைத் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

இந்த இரண்டு வேலையில் நிலத்துக்கு உண்மையில் தலைவணங்கியது எது?

*

ஆண்டோவுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 2000இல் தெஷிமா உடன்பாடு முடிந்ததும், தீவு மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் கோஹே நகாபோவோடு சேர்ந்து, செட்டோ கடல் பகுதியில் மரம் நடுவதற்காக ஒரு ஆலிவ் நிதியத்தை ஆரம்பித்தவரே அவர்தான். அதனால் இதை ஒரு தனிமனிதரின் மனசாட்சிப் பிரச்சினையாக ஆக்க நான் தயாரில்லை. மனிதருக்கு மனசாட்சி இருந்தது. அவர் கட்டிய கட்டடம் அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதுதான் என் விமர்சனம். சிச்சுவில் வானம் இருக்கிறது, கல் இருக்கிறது, ஒளி இருக்கிறது. அந்தத் தீவு இல்லை. அந்தக் குன்றை அப்படியே பெயர்த்து வேறொரு கடலில் வைத்தாலும் உள்ளே எதுவும் மாறாது.

‘மியூசியம் என்ன வரலாற்றுப் பாடப் புத்தகமா, எல்லாவற்றையும் சொல்ல?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கலைக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. ஆனால் ‘நிலத்தோடு இணைந்த கட்டடம்’ என்ற பட்டத்தை வாங்கிக்கொள்கிற கட்டடத்துக்கு அந்தக் கடமை கொஞ்சம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. உள்ளே தொங்குகிற மோனேவே இந்த இடத்தில் என் பக்கம் சாட்சி சொல்வார். அவர் வரைந்த அல்லிக் குளம் இயற்கை தந்தது இல்லை. 1893இல் ஷிவேர்னியில் நிலம் வாங்கி, பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பி, அவர் வெட்டிய குளம். இவர் கொண்டுவரும் அயல்நாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு தோட்டக்காரர்களை வைத்துப் பராமரித்தார். நாம் ‘தூய இயற்கை’ என்று மெய்மறந்து நிற்கும் அந்த நீல நீருக்கு அடியில் ஒரு நீர்த் தகராறும் பலருடைய உழைப்பும் இருக்கின்றன.

*

இப்போது தெஷிமாவுக்குப் போவோம். 2010 அக்டோபரில் அங்கே திறக்கப்பட்ட தெஷிமா கலை மியூசியத்தை வடிவமைத்தவர் ரியூவே நிஷிசாவா. உள்ளே இருப்பது ரே நைதோவின் ஒரே ஒரு படைப்பு. இந்த மியூசியம் தன்னை ஒளித்துக்கொள்ளவில்லை. வெள்ளையாக, ஒரு பெரிய நீர்த்துளி கவிழ்ந்து கிடப்பதுபோல், மலைச் சரிவில் பளிச்சென்று தெரிகிறது. சுமார் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஓட்டின் தடிமன் 25 சென்டிமீட்டர். உயரம் நாலரை மீட்டரைத் தாண்டாது.

அதைக் கட்டிய விதம் எனக்குள் இருக்கும் எஞ்சினியரைக் குதிக்க வைத்தது. இவ்வளவு தட்டையான வளைவுக்கு வழக்கமான முறையில் பலகை அடித்தால் மூட்டுகளின் கோடு தெரியும். அதனால் மண்ணையே அச்சாக்கினார்கள். மண்ணைக் குவித்து, வளைவாகச் செதுக்கி, மேலே பூசி மெழுகி, கம்பி கட்டி, கான்கிரீட்டை இடைவெளி விடாமல் ஊற்றினார்கள். இறுகிய பிறகு உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். சிச்சுவில் மண்ணை எடுத்துவிட்டுக் கட்டடம் வைத்தார்கள். இங்கே மண்ணை வைத்துக் கட்டடம் செய்துவிட்டு மண்ணை எடுத்தார்கள். கூரையின் வளைவு, அங்கே இருந்த மண்மேட்டின் வளைவு.

உள்ளே ஓவியம் கிடையாது. தரையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளைகள். அவற்றிலிருந்து தண்ணீர் துளித் துளியாக ஊறி வருகிறது. துளிகள் நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓடி, ஒரு குட்டையில் கலக்கின்றன. கூரையில் இரண்டு பெரிய திறப்புகள், கண்ணாடி இல்லாமல். மழை வந்தால் மழை உள்ளே வரும். பூச்சி வரும், இலை வரும், பறவைச் சத்தம் வரும். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் தண்ணீரையே அடையாளமாகக் கொண்ட தீவில், அந்தத் தண்ணீரையும் நஞ்சாக்கிவிடுமோ என்று ஒரு தலைமுறை பயந்து வாழ்ந்த தீவில், தரையிலிருந்து ஒரு துளித் தெளிந்த நீர் ஊறி வருவதைக் குனிந்து பார்ப்பது வெறும் அழகியல் விஷயமாக எனக்குப் படவில்லை. இந்தப் படைப்பை வேறு கடலுக்கு மாற்ற முடியாது.

வெளியே இன்னொன்று நடந்தது. மியூசியத்தைச் சுற்றியிருந்த படிக்கட்டு வயல்கள் ஆளில்லாமல் தரிசாகிக் கிடந்தன. மியூசியம் கட்டும் திட்டத்தோடு சேர்த்து, அந்த வயல்களை ஊர்க்காரர்களோடு இணைந்து மீட்டார்கள். இப்போது அங்கே மறுபடியும் நெல். என்னைக் கேட்டால் தெஷிமா மியூசியத்தின் மிகச் சிறந்த பகுதி அந்த வயல்தான். கட்டடம் பார்க்க வருகிறவர்கள் வயலையும் பார்த்தாக வேண்டும். வயலோ யாராவது நாற்று நட்டால்தான் காட்சி. நடவில்லை என்றால் அடுத்த வருடமே புதர். கருப்பொருள் பட்டியலில் இருந்த அந்தத் தொழில், இங்கே நிலக்காட்சிக்குள் திரும்பி வந்துவிட்டது.

இங்கேயும் ஒரு குறை இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத, முதியவர்கள் நிறைந்த தீவில் மியூசியத்தின் நிழலில் வாழும் விவசாயம் எவ்வளவு காலம் நிற்கும் என்ற கேள்விக்குக் கட்டடக்கலையிடம் பதில் இல்லை. ஆனால் கேள்வியாவது கண்முன் இருக்கிறது. சிச்சுவில் கேள்வியே எழாது.

*

பக்கத்தில் இனுஜிமா என்று இன்னொரு தீவு. அங்கே 1909இல் தொடங்கிப் பத்தே வருடத்தில் மூடப்பட்ட செம்பு உருக்காலையின் இடிபாடுகளை, ஹிரோஷி சம்புயிச்சி 2008இல் மியூசியமாக்கினார். பழைய புகைபோக்கியையும், உருக்கிய எச்சத்தில் வார்த்த கரிய செங்கற்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அந்தப் புகைபோக்கி காற்றை இழுக்கும் விசையாலேயே கட்டடத்தைக் குளிர வைத்தார். ஊரை மூச்சுத் திணறவைத்த அதே பொருள் இப்போது கட்டடம் மூச்சுவிட உதவுகிறது. காயத்தை மறைக்காமலும் மியூசியம் கட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி. அதற்குப் பணம் கொடுத்ததும் பெனெஸ்ஸேயின் சோயிச்சிரோ ஃபுகுடாகே தரப்புதான். ஆக, ஒரே புரவலர், ஒரே கடல், மூன்று பதில்கள். புதைப்பது மட்டும்தான் வழி என்று யாரும் சொல்ல முடியாது.

நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதைக் கட்டடக்கலைப் பத்திரிகைகள் அட்டையில் போடுவதில்லை. தெஷிமாவின் மேற்கு முனையில், குப்பை கொட்டப்பட்ட அதே இடத்தில், ‘தெஷிமாவின் மனம்’ என்ற பெயரில் ஒரு சின்ன நினைவகம். வடிவமைப்பாளர் பெயர் எதுவும் இல்லை. கழிவு கொட்டிய நிறுவனத்தின் பழைய அலுவலகக் கட்டடம்தான் அது. போராடிய மக்களே வைத்து நடத்துகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே போராட்டத்தின் ஆவணங்கள், படங்கள். கூடவே ஒரு சுவரில், புதைகுழியின் குறுக்குவெட்டை அப்படியே உரித்தெடுத்து ஒட்டி வைத்திருக்கிறார்கள். ரப்பர், கம்பி, துணி, பிளாஸ்டிக், கறுத்த மண் எனப் படிவம் படிவமாக.

சிச்சுவும் மண்ணைத் திறந்து நமக்கு ஒன்றைக் காட்டுகிறது, இந்த நினைவகமும் காட்டுகிறது. முதலாவதில் மண்ணுக்குள் மோனே. இரண்டாவதில் மண்ணுக்குள் நாம். நாம் ஓட்டிவிட்டுத் தூக்கிப்போட்ட கார், நாம் எரித்துவிட்டு மறந்த எண்ணெய்.

லாக் ஃபைலை அழித்துவிட்டு ‘சிஸ்டத்தில் எர்ரரே இல்லை’ என்று சொல்கிற எஞ்சினியரை யாரும் நம்ப மாட்டார்கள். நிலத்தின் விஷயத்தில் மட்டும் ஏன் உடனே நம்பிவிடுகிறோம்? ஒரு மென்மையான நிலப்பரப்பில் மியூசியம் கட்டப் போகிறவரிடம் ‘உங்கள் கட்டடம் எவ்வளவு தெரியாமல் இருக்கும்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு வேறு மூன்று கேள்விகள் கேட்கலாம் என்று தோன்றுகிறது. இந்த நிலம் இதற்கு முன் யார் கையில் என்ன பட்டது? உங்கள் கட்டடத்தில் அது எங்கே தெரியும்? நீங்கள் வந்த பிறகு இங்கே யார் வேலை செய்வார்கள்?

முதல் கேள்விக்கு இனுஜிமாவிடம் பதில் இருக்கிறது. மூன்றாவதுக்குத் தெஷிமாவின் வயல்களிடம். இரண்டாவதுக்கு மிகத் தெளிவான பதில் அந்தப் பழைய அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நவோஷிமா போகிறவர்கள் சிச்சுவை அவசியம் பாருங்கள். அது பெரிய அனுபவம். ஆனால் கப்பல் டிக்கெட்டைத் தெஷிமா வரைக்கும் எடுங்கள். வெள்ளைத் துளியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், மேற்கு முனைக்கும் ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.